ஒரு பல்லும் ஒரு முள்ளும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சங்கச் செயலாளர் போன் செய்து, "இருபது நிமிஷம் பேசணும், மாணவர்களுக்கு உபயோகமா ஏதாவது சொல்லுங்க" என்றார். எனக்கு முன்னால் பேசியவர்கள் பெரிய பதவிகளை வகித்தவர்கள். நான் 1979-இல் இயற்பியல் முடித்து, ஒரு பாலிடெக்னிக்கில் லேப் பார்த்து ஓய்வு பெற்றவன். சாதனை என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு தவறு இருக்கிறது. அதைச் சொன்னால் சாதனையைவிட உபயோகமாக இருக்கும் என்று தோன்றியது. ஒரு புல்லட் மோட்டார் சைக்கிளின் பல்சக்கரத்தை மாற்றியதும், அதில் ஒரு டாக்கோமீட்டர் பொருத்தியதும்தான் விஷயம். முன்வரிசையில் இருக்கும் அம்மாமார்கள், "இது என்ன, மெக்கானிக் ஷெட்டா?" என்று நினைக்க வேண்டாம். கதை தறிவீட்டில்தான் ஆரம்பிக்கிறது.

அம்மாவின் ராட்டை

எங்கள் வீடு பெரிய காஞ்சிபுரம், பிள்ளையார்பாளையம். வீட்டில் இரண்டு தறி. அப்பா ஒன்றிலும் அண்ணன் ஒன்றிலும் உட்காருவார்கள். ஊடைக்குத் தார் சுற்றுவது அம்மா. ராட்டையைப் பார்த்திருப்பீர்கள். பெரிய சக்கரம் ஒரு சுற்று வந்தால், கயிறு மாட்டிய சின்னக் கதிர் பல சுற்று சுற்றும். பல்லுக்குப் பதில் கயிறு, அவ்வளவுதான். கியர் என்பதன் முழுத் தத்துவமும் அதில் இருக்கிறது.

நான் பள்ளியில் படிக்கும்போது, அப்பா ஒரு பழைய சைக்கிள் சக்கரத்தை வைத்துப் புது ராட்டை செய்து கொடுத்தார். பழைய சக்கரத்தைவிடப் பெரியது. சக்கரம் பெரிதானால் அதே கைச்சுற்றுக்குக் கதிர் அதிகம் சுற்றும், தார் சீக்கிரம் நிறையும் என்பது அவர் கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் நாலு நாள் சுற்றிப் பார்த்துவிட்டு அம்மா சொன்னார்: "வேகம் நல்லாத்தான் இருக்கு. ஆனா எடுக்கறப்போ கை கனக்குது, இழுத்த இழுப்புல பட்டு அறுக்குது. முடி போட்டு முடி போட்டே பொழுது போயிடுது. எனக்குப் பழசையே குடுங்க."

"எப்ப அறுக்கும்னு முன்கூட்டியே தெரியுமாம்மா?" என்று கேட்டேன். "சத்தத்துல தெரியும்" என்றார். ஏட்டுப் படிப்பு இல்லாத அம்மா சொன்ன இந்த இரண்டு வாக்கியத்தைப் பதினைந்து வருஷம் கழித்து, பட்டம் வாங்கிய பிறகு, நான் மறந்துபோனேன். அதுதான் நான் சொல்ல வந்த தவறு.

வண்டி வந்தது

1980-இல் அண்ணன் ஒரு பழைய புல்லட் வாங்கினார். நெய்த புடவைகளை மெட்ராஸ் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையை அவர் எடுத்துக்கொண்டிருந்த நேரம். முகூர்த்த நாட்கள் நெருங்கினால் வாரத்துக்கு மூன்று நடை. சுங்குவார்சத்திரம், ஸ்ரீபெரும்புதூர் வழியாக ஏறக்குறைய 75 கிலோமீட்டர். பஸ்ஸில் மூட்டையை ஏற்றி இறக்கி, டிக்கெட்டும் லக்கேஜும் கொடுத்து அலுத்துப்போயிருந்தார்.

புல்லட்டைப் பற்றி இளைஞர்களுக்கு இரண்டு வரி. இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரில் பிறந்த வண்டி. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் அந்தக் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கி, திருவொற்றியூரில் தயாரித்தார்கள். ஒரே சிலிண்டர். 70 மில்லிமீட்டர் விட்டம், 90 மில்லிமீட்டர் வீச்சு, கன அளவு 346 சி.சி. நாலு கியர், வலது காலில். ஹெட்லைட் மண்டையில் ஸ்பீடோமீட்டரும் அம்மீட்டரும் உண்டு. இன்ஜின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்ட ஒன்றும் கிடையாது. அதற்குக் காதுதான்.

நான் அப்போது வேலையில் சேர்ந்த புதிது. கையில் கணக்கு இருந்தது, நாக்கில் கர்வம் இருந்தது. அண்ணன் ஒருநாள், "எண்பதுல போனா கை எல்லாம் மரத்துப் போகுதுடா, இன்ஜின் கத்துது" என்றார். உடனே நான் பென்சிலை எடுத்தேன்.

பென்சில் கணக்கு

வண்டியைத் திறந்து பல்லை எண்ணினேன். கிராங்கில் 25 பல், கிளட்சில் 56 பல். கியர்பாக்ஸின் வெளிச் ஸ்பிராக்கெட் 16 பல், பின்சக்கரம் 38 பல். நாலாவது கியர் நேர் கியர், ஒன்றுக்கு ஒன்று. ஆக, பின்சக்கரம் ஒரு சுற்று வர, இன்ஜின் 5.32 சுற்று சுற்ற வேண்டும். டயரில் சாக்பீஸால் கோடு போட்டு வண்டியை உருட்டி அளந்தேன். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2 மீட்டர்.

மணிக்கு 80 கிலோமீட்டர் என்றால் நிமிஷத்துக்கு 1333 மீட்டர். சக்கரம் 667 சுற்று. 5.32-ஆல் பெருக்கினால் இன்ஜின் சுமார் 3550 சுற்று. முன் ஸ்பிராக்கெட்டை 17 பல் ஆக்கினால் இது 3340 ஆகும். 18 ஆக்கினால் 3150. நிமிஷத்துக்கு 400 சுற்று மிச்சம்! பின்பக்க ஸ்பிராக்கெட் பிரேக் டிரம்மோடு ஒரே வார்ப்பு, மாற்றினால் செலவு. முன்பக்கம் மாற்றுவதுதான் மலிவு.

மெட்ராஸ் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் 17, 18 இரண்டும் கிடைத்தன. நான் 18-ஐ வாங்கினேன். வழக்கமாக வண்டி பார்க்கும் மெக்கானிக் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். வயதானவர். "தம்பி, ஒரு பல்லு ஏத்துங்க, தாங்கும். ரெண்டு பல்லு ஏத்துனா வண்டி அழும்" என்றார். நான் அவருக்கு என் நோட்டைக் காட்டினேன். அவர் நோட்டைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "சரி, உங்க இஷ்டம்" என்றார்.

மாற்றுவது லேசான வேலையும் இல்லை. அந்த ஸ்பிராக்கெட் கிளட்சுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. கால்மிதியைக் கழற்றி, ஆயிலை வடித்து, இடதுபக்க மூடியை எடுத்து, கிளட்சையும் முன்செயினையும் ஒன்றாக வெளியே இழுத்தால்தான் கண்ணுக்குத் தெரியும். அரைநாள் ஆயிற்று. இரண்டு பல் கூடியதால் செயினும் கொஞ்சம் நீளம் வேண்டியிருந்தது. அவர் சுத்தமாகச் செய்து கொடுத்தார்.

முதல் நடை போய் வந்த அண்ணன், "டேய், வண்டி பட்டு மாதிரி போகுதுடா" என்றார். வீட்டில் எனக்குத் தனி மரியாதை. நான் இன்னொரு அறிவுரையும் சேர்த்துச் சொன்னேன்: "இன்ஜின் எவ்வளவு குறைவா சுத்துதோ அவ்வளவு நாள் உழைக்கும். சும்மா சும்மா கியரைக் குறைக்காதே. மேட்டுல கூட மூணாவதுலயே ஏத்து." நண்பர்களே, அந்த வாக்கியத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடிந்தால் என்ன வேண்டுமானாலும் கொடுப்பேன்.

மலைப்பாதை

1983. அண்ணன் குழந்தைக்கு முதல் முடி இறக்கத் திருமலைக்கு வேண்டுதல். அண்ணன், அண்ணி, பத்து மாதக் குழந்தை, ஒரு பை. காலையில் கிளம்பினார்கள். மலைப்பாதையில் பாதி ஏறும்போது இன்ஜினுக்குள் 'டொக்கு டொக்கு' என்று சத்தம். கொஞ்ச தூரத்தில் அது சுத்தியல் அடியாக மாறி, வண்டி நின்றுவிட்டது. ஒரு வளைவில், குழந்தையை வைத்துக்கொண்டு, பொழுது சாயும் நேரத்தில் நின்றிருக்கிறார்கள். வழியில் வந்த பஸ்காரர் நிறுத்தி அண்ணியையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டார். அண்ணன் வண்டியோடு நின்று, லாரி பிடித்து, மறுநாள்தான் ஊர் வந்து சேர்ந்தார். ஆபத்து ஒன்றும் இல்லை, பெருமாள் காப்பாற்றினார் என்று வீட்டில் சொன்னார்கள். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் இல்லை.

இன்ஜினைப் பிரித்தால் கனெக்டிங் ராடின் பெரிய முனை, பிக் எண்ட் என்பார்களே, அந்த புஷ் தேய்ந்து கிழிந்திருந்தது. வரிசையாக முகூர்த்தம் வரும் நேரம். அண்ணன் மறுபடியும் மூட்டையோடு பஸ் ஏறினார். ரிப்பேர் செலவு அவருடைய இரண்டு மாதச் சம்பாத்தியம்.

அப்பா கேட்டார், "அந்த மெக்கானிக் கழட்டி மாட்டினதுலதான் ஏதோ கோளாறு, இல்ல?" நான் பதில் சொல்லவில்லை. பேசாமல் இருந்தேன். அப்பா என் மௌனத்தை 'ஆமாம்' என்று எடுத்துக்கொண்டார். வண்டி வேறு ஷெட்டுக்குப் போயிற்று. அந்தப் பெரியவரிடம் அப்புறம் யாரும் போகவில்லை. எதிரில் பார்த்தால் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.

முள்ளைத் தேடி

நான் டாக்கோமீட்டர் செய்யக் கிளம்பியது உண்மையைக் கண்டுபிடிக்க அல்ல. என் கணக்கு சரி என்று நிரூபிக்க. இன்ஜின் குறைவாகத்தான் சுற்றியது, ஆகவே தேய்ந்தது என் தப்பு இல்லை என்று எனக்கு நானே சாட்சி தேடினேன்.

இன்ஜின் சுற்றை எண்ணிக் காட்டும் கருவிதான் டாக்கோமீட்டர். 1817-இல் ஜெர்மனியில் டீட்ரிக் உல்ஹார்ன் என்ற பொறியாளர் இயந்திரங்களின் வேகத்தை அளக்கச் செய்தது அதன் தொடக்கம். மெட்ராஸ் புதுப்பேட்டையில் ஒரு காரிலிருந்து கழற்றிய டாக்கோமீட்டர் மலிவாகக் கிடைத்தது. வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் உறைத்தது: அது 12 வோல்ட், எங்கள் வண்டி 6 வோல்ட். தனி பேட்டரி வைத்து ஓடவிட்டேன். இன்ஜின் நன்றாக முறுக்கியும் முள் 900-ஐத் தாண்டவில்லை!

காரணம் எளிது. நாலு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒரு சிலிண்டருக்கு இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி. காரில் நாலு சிலிண்டர், ஆகவே ஒரு சுற்றுக்கு இரண்டு பொறி. புல்லட்டில் ஒரு சிலிண்டர், இரண்டு சுற்றுக்கு ஒரே பொறி. கார் மீட்டர் பொறிகளை எண்ணி, நாலில் ஒரு பங்கு காட்டுகிறது. அது பொய் சொல்லவில்லை. தனக்குக் கற்றுக்கொடுத்த கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்கிறது. கேள்விதான் வேறு.

சரி, நாமே செய்வோம் என்று ரிச்சி தெருவுக்குப் போய் 555 என்ற ஐ.சி. வாங்கினேன். எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர்கள் சிரிப்பார்கள், அது எங்கள் காலத்துச் சர்வரோக நிவாரணி. யோசனை இதுதான்: பாயிண்ட் திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்த ஐ.சி. ஒரே அளவுள்ள ஒரு துடிப்பைக் கொடுக்கும். ஒரே ஆழாக்கில் தண்ணீர் மொண்டு ஊற்றுவது போல. எத்தனை தடவை ஊற்றுகிறோமோ அவ்வளவு மட்டம் உயரும். ஒரு மில்லி ஆம்பியர் மீட்டர் அந்தச் சராசரியை முள்ளில் காட்டும். டயலை இந்தியன் இங்க்கில் 0 முதல் 6000 வரை நானே வரைந்து ஒட்டினேன். கூடு, வீட்டு எவர்சில்வர் டப்பா. அம்மா இன்னும் அந்த டப்பாவைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

முதல் ஐ.சி. பத்து நிமிஷத்தில் கருகியது. பாயிண்ட் திறக்கும்போது காயிலின் முதல் சுற்றில் சில நூறு வோல்ட் துள்ளும் என்பதை மறந்திருந்தேன். ரெசிஸ்டரும் டையோடும் போட்டு அதை அடக்கினேன். அடுத்து, ஹெட்லைட்டைப் போட்டால் முள் இறங்கியது. வெளிச்சம் போட்டால் இன்ஜின் வேகம் குறையுமா? பேட்டரி வோல்டேஜ் இறங்குகிறது, ஆழாக்கு சிறுத்துப் போகிறது. 5.1 வோல்ட் ஸீனர் போட்டதும் நின்றது. மூன்றாவது, மெதுவாக ஓடும்போது முள் கூத்தாடியது. நிமிஷத்துக்கு 1000 சுற்றில் விநாடிக்கு எட்டுப் பொறிதானே. மீட்டருக்குக் குறுக்கே ஒரு பெரிய கெப்பாசிட்டர் வைத்தேன். டப்பாவுக்கு அடியில் ஸ்பாஞ்ச். முள் அடங்கியது.

நம் கல்லூரியின் சோனோமீட்டர்

இப்போது அளவு பிடிக்க வேண்டும். வீட்டு மின்சாரம் 50 சைக்கிள். ஒரு டிரான்ஸ்ஃபார்மர், ஒரு டையோடு. விநாடிக்கு 50 துடிப்பு. இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி என்றால் அது நிமிஷத்துக்கு 6000 சுற்று. என்ன பொருத்தம் பாருங்கள்! சாயங்காலம் உட்கார்ந்து, முள்ளைச் சரியாக 6000-இல் நிறுத்திவிட்டு, பெருமையோடு நம் கல்லூரிக்கு வந்து என் பேராசிரியரிடம் காட்டினேன்.

அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லா இருக்கு. கரண்ட் 50-ன்னு உனக்கு யார் சொன்னா?"

"புஸ்தகத்துல போட்டிருக்கு சார்."

"புஸ்தகம் சாயங்காலம் ஏழு மணிக்கு எழுதினது இல்லையே!" என்றார். என்னை லேபுக்கு அழைத்துக்கொண்டு போனார். நீங்கள் எல்லோரும் செய்து, ரெக்கார்டு நோட்டில் 50 வருகிற மாதிரி 'திருத்தி' எழுதிய பரிசோதனைதான்: சோனோமீட்டரில் ஏ.சி. மின்சாரத்தின் அதிர்வெண். பித்தளைக் கம்பி, லாட காந்தம், எடைத்தட்டு, ஒரு துளி காகித மடிப்பு. கம்பியின் நீளத்தை மாற்றிக்கொண்டே வந்தோம். காகிதம் துள்ளி விழுந்தது. கணக்குப் போட்டால் 48. மூன்று முறை செய்தோம், 48-ஐ ஒட்டியே வந்தது.

அந்த நாட்களில் தென்னக மின்தொகுப்பில் உற்பத்தியைவிடத் தேவை அதிகம். சாயங்கால நேரத்தில் அதிர்வெண் 48 வரை இறங்குவது சாதாரணம். 2003 ஜனவரியில் புதிய கட்டண முறை வந்த பிறகு நிலைமை தேறியது. 2013 டிசம்பர் 31 அன்று தேசியத் தொகுப்போடு இணைந்தோம். இன்று 50-ஐ ஒட்டியே நிற்கிறது. ஆனால் என் முள் 6000 என்று காட்டியபோது உண்மை 5760. பிழை 4 சதவீதம். ஒரு பல் கூட்டினால் வரும் வித்தியாசமே 6 சதவீதம்தான்! எதை அளக்கப் புறப்பட்டேனோ, ஏறக்குறைய அந்த அளவுக்கு என் அளவுகோலிலேயே கோணல்.

பேராசிரியர் ஒன்றும் திட்டவில்லை. "முதல்ல அளக்கறதை அள. அப்புறம் ஊரை அளக்கலாம்" என்றார். 48-க்குத் திருத்தி, 5760-இல் முள்ளை நிறுத்தினோம். ஸ்பீடோமீட்டரையும் விடவில்லை. மெட்ராஸ் ரோட்டில் கிலோமீட்டர் கல்லுக்குக் கல் கைக்கடிகாரம் வைத்துப் பார்த்தேன். 80 காட்டும்போது ஒரு கிலோமீட்டர் கடக்க 48 விநாடி ஆனது. அப்படியானால் உண்மை வேகம் 75.

முள் சொன்ன சாட்சி

ரிப்பேர் முடிந்த வண்டியில் அதே 18 பல் ஸ்பிராக்கெட்தான் இருந்தது. டப்பாவைக் கைப்பிடியில் கட்டிக்கொண்டு, ஒரு நண்பனைப் பின்னால் உட்காரவைத்து, திருத்தணி மலைப்பாதைக்குப் போனேன். என் அறிவுரைப்படியே மூன்றாவது கியர், மணிக்கு 30 கிலோமீட்டர். கைப்பிடியை முழுக்கத் திருகியிருக்கிறேன். முள் 1600. வண்டி உடம்பெல்லாம் உதறுகிறது. ஒவ்வொரு அடியும் தொடையில் தெரிகிறது. இரண்டாவதுக்குக் குறைத்தேன். முள் 2200-க்கு ஏறியது. கைப்பிடியைப் பாதி விட்டாலும் அதே வேகத்தில் வண்டி அமைதியாக ஏறியது.

ரோட்டோரம் நிறுத்திவிட்டு உட்கார்ந்தேன். என் கணக்கில் ஒரு எண்ணும் தப்பில்லை. இன்ஜின் குறைவாகச் சுற்றும் என்றேன், குறைவாகத்தான் சுற்றியது. ஆனால் மலை ஏறத் தேவையான வேலை குறையவில்லையே! கடன் அப்படியே இருக்கிறது, தவணையின் எண்ணிக்கையை மட்டும் குறைத்தேன். ஒவ்வொரு தவணையும் பெருத்துப்போயிற்று. ஒவ்வொரு வெடிப்பும் அந்த புஷ்ஷின் தலையில் அதிக பலத்தோடு இறங்கியது. அதோடு, ஆயில் பம்பும் இன்ஜின் சுற்றினால்தான் சுற்றும். சுற்று குறைந்தால் ஆயிலும் குறைவு. பாரம் அதிகம், எண்ணெய் குறைவு. உலோகம் உலோகத்தில் தேய்ந்தது. அம்மா சொன்னதேதான்: எடுக்கறப்போ கனக்கும், இழுத்த இழுப்பில் அறுக்கும்.

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. அவர் சொன்னதுதான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. "அன்னைக்கே தெரிஞ்சுதுடா. மூணாவதுல வண்டி அழுதுச்சு. குறைக்கலாம்னு கை போச்சு. ஆனா நீ படிச்சவன், கணக்குப் போட்டுச் சொல்லியிருக்கே, என் காதுதான் தப்பா இருக்கும்னு நெனச்சுக்கிட்டேன்."

நண்பர்களே, தறியில் பாவு இழை ஒன்று தளர்ந்தால் சத்தத்தில் கண்டுபிடிக்கிற காது அது. என் நோட்டுப் புத்தகம் அந்தக் காதை மூடிவிட்டது.

மறுநாள் அப்பாவிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் தறியில் கையை வைத்தபடியே இருந்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, "வா" என்றார். இரண்டு பேரும் அந்தப் பழைய ஷெட்டுக்கு நடந்தோம். அப்பா அந்தப் பெரியவரிடம் கை கூப்பி, "எம் பையன் வாயத் திறக்கல, நானும் உங்களக் கேக்கல. மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். நான் தலை நிமிரவில்லை. மெக்கானிக் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அப்பாவை உட்காரச் சொன்னார். என் எவர்சில்வர் டப்பாவைக் கையில் எடுத்து, வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, முள் ஏறி இறங்குவதை ஒரு குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். "இது அன்னைக்கே இருந்திருந்தா, நான் சொன்னது தம்பிக்குப் புரிஞ்சிருக்கும்" என்றார்.

17 பல் ஸ்பிராக்கெட்டை அவரே மாட்டினார். டயலில் 2000-க்கு ஒரு சிவப்புக் கோடு போட்டேன். எல்லோரும் மேலே சிவப்புக் கோடு போடுவார்கள், நான் கீழே போட்டேன். அதற்குக் கீழே முள் இருக்கும்போது கைப்பிடியை முழுக்கத் திருகக் கூடாது, கியரைக் குறை என்பது விதி. அண்ணன் அந்த வண்டியை மேலும் பதினோரு வருஷம் மெட்ராஸ் ரோட்டில் ஓட்டினார். இன்ஜினை மறுபடி பிரிக்கவில்லை.

மாணவர்களுக்கு

இன்று ராயல் என்ஃபீல்டு தொழிற்சாலையே நம் மாவட்டத்துக்கு வந்துவிட்டது. 2013-இல் ஒரகடத்தில் திறந்தார்கள். இப்போதைய வண்டிகள் ஐந்து, ஆறு கியரோடு வருகின்றன. பலவற்றில் டாக்கோமீட்டர் கம்பெனியிலேயே உண்டு. பாயிண்டும் கிடையாது, 6 வோல்ட்டும் கிடையாது. ஆனால் ஸ்பிராக்கெட் மாற்றும் ஆசை மட்டும் மாறவில்லை என்று என் பேரன் வயதுப் பையன்களைப் பார்த்தாலே தெரிகிறது. ஆசை தப்பில்லை. நாலு விஷயம் மட்டும் சொல்கிறேன்.

முன்பக்கம் பல்லைக் கூட்டினால் ரோட்டில் அமைதி, மேட்டில் கனம். குறைத்தால் மேட்டில் சுலபம், ரோட்டில் கூச்சல். இரண்டும் ஒன்றாகக் கிடைக்காது. உங்கள் வண்டி பெரும்பாலும் எங்கே ஓடுகிறது என்று முதலில் பாருங்கள். ஒரு பல் மாற்றி, ஒரு மாதம் ஓட்டிப் பார்த்து, பிறகு அடுத்ததை யோசியுங்கள். எங்கள் புல்லட்டில் ஸ்பீடோமீட்டர் முன்சக்கரத்திலிருந்து ஓடியதால் அது பாதிக்கவில்லை. இன்றைய பல வண்டிகளில் வேகத்தை கியர்பாக்ஸ் பக்கமே எடுக்கிறார்கள். அவற்றில் பல்லை மாற்றினால் ஸ்பீடோமீட்டரே பொய் சொல்லும். கடைசியாக, 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுப் புத்தகத்தில் உள்ள விவரம் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. சைலன்சரைப் பிடுங்கிவிட்டு ஊரை எழுப்புகிறவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வண்டியைவிடப் பெரிய விஷயம் ஒன்று. இங்கிருந்து பட்டம் வாங்கிக்கொண்டு போவீர்கள். உங்கள் வீட்டில், ஊரில், வேலை செய்யும் இடத்தில், உங்கள் அளவு படிக்காத ஒருவர், "ஏதோ சரியா இல்லை, சத்தம் வேற மாதிரி இருக்கு" என்பார். அவரிடம் எண் இருக்காது. உங்களிடம் இருக்கும். அந்த எண்ணை வைத்து அவர் வாயை அடைக்காதீர்கள். அவர் காதில் விழுந்தது என்ன என்று கண்டுபிடிக்க ஒரு கருவி செய்யுங்கள். நான் இந்தக் கல்லூரியில் மூன்று வருஷம் படித்தேன். அது எதற்கு என்று திருத்தணி மலைப்பாதையில், 1600-இல் உதறிக்கொண்டிருந்த அந்த முள்ளைப் பார்த்தபோதுதான் புரிந்தது.

அந்தப் பெரிய மெக்கானிக் இன்று இல்லை. அம்மா, அப்பா இல்லை. அண்ணன் இருக்கிறார், நாலாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். காது இப்போது சரியாகக் கேட்பதில்லை என்கிறார். நான் நம்பவில்லை.